மஞ்சள், தேயிலை, செம்மண்: நஞ்சில்லா வண்ணங்களை வீட்டிலேயே செய்யத் தொடங்குவோருக்கு

ஓவியம் வரையத் தொடங்குகிறவர்கள் எந்த வண்ணப்பெட்டியை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வார இறுதியில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுத்தருகிற நான், தூரிகையைக் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள் என்று அவர்களைத் திருப்பிக் கேட்பது வழக்கம். நாம் வாழும் மொரீஷியஸ் தீவைப் பெரும்பாலும் பவளப்பாறைகள் வளைத்து நிற்கின்றன. அந்தப் பாறைக்கும் கரைக்கும் நடுவில் இருப்பது ஆழமில்லாத, அசைவு குறைந்த நீர். வாய்க்காலில் இறங்குவது ஆற்றுக்கும், ஆற்றில் இறங்குவது அந்த நீருக்கும் போய்ச் சேர்கிறது. 2020 ஆகஸ்டில் வாகாஷியோ கப்பலின் எண்ணெய் தென்கிழக்குக் கரையில் பரவியபோது, கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து மிதவைகள் கட்டிய மாயெபூர்ப் பக்கத்து மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கப்பல் எண்ணெய்க்கு முன் ஒரு கிண்ணம் வண்ணத்தண்ணீர் ஒன்றுமில்லைதான். ஆனால் அந்தக் கிண்ணம் நம் கையில் இருக்கிறது.

தொடங்குவதற்கு முன் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். 'நஞ்சற்றது' என்பது வேறு, 'சூழலுக்குத் தீங்கில்லாதது' என்பது வேறு. பிள்ளைகளுக்கென்று விற்கும் அக்ரிலிக் வண்ணம் நஞ்சற்றதாக இருக்கலாம். ஆனாலும் அது நீரில் கலந்த பிளாஸ்டிக்தான், உலர்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் படலமாகிவிடும். மினுமினுப்புத் தூளில் பெரும்பகுதி, அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளைப் பொடியாக வெட்டியதே ஆகும்; தரையில் கொட்டினால் அதைப் பெருக்கி எடுத்து முடியாது. 2016இல் பிளாஸ்டிக் பைகளை இந்தத் தீவில் தடை செய்தபோது கடைக்குத் துணிப்பை எடுத்துச் செல்லப் பழகிக்கொண்ட நாம், அதே பொருளைத் தூளாக்கிப் பிள்ளைகளின் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. செடியிலிருந்து வந்தது எதுவும் தீங்கு செய்யாது என்று நம்புவதுதான் அது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணியை நினைத்துப் பாருங்கள். அதன் ஓடு உடையாத வரை பெரிய கேடில்லை. ஆனால் துளையிட்டாலோ, மென்றாலோ உள்ளே இருக்கும் நஞ்சு உயிரையே பறிக்கக்கூடியது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நான் மிளகைத்தான் கண்ணாக வைக்கச் சொல்கிறேன். வேலியோரம் அழகாகப் பூக்கும் அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு, ஊமத்தையும் அப்படியே. பெயர் தெரியாத செடியிலிருந்து சாயம் எடுக்க வேண்டாம் என்பதை ஒரு கட்டாய விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கியே ஆகவேண்டுமென்றால் பெட்டியின் மேல் ஒட்டிய விவரச்சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான வண்ணங்களில் 'ஈ.என். 71' என்ற விளையாட்டுப் பொருள் பாதுகாப்புத் தரக் குறியைத் தேடுங்கள். அந்தத் தரத்தின் மூன்றாம் பகுதி, ஈயம், காட்மியம் உள்ளிட்ட 19 தனிமங்கள் எவ்வளவு வெளியேறலாம் என்பதற்கு வரம்பு விதிக்கிறது. பெரியவர்களுக்கான ஓவிய வண்ணக் குழாய்களில் நிறப்பொருளின் குறியீடு சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பி.ஒய். 34 என்றிருந்தால் அது ஈயக் குரோமேட் மஞ்சள், பி.ஒய். 35 காட்மிய மஞ்சள், பி.ஆர். 108 காட்மியச் சிவப்பு. தொடங்குவோருக்கு இவை மூன்றும் வேண்டாம். காட்மியம் என்ற பெயருடன் 'ஹியூ' என்ற சொல்லும் சேர்ந்திருந்தால், அந்த நிறத்தைப் போன்ற வேறு நிறப்பொருள் என்று பொருள். அதில் காட்மியம் இராது.

கோந்து முதலில்

வண்ணம் என்பது இரண்டே பொருள்கள்: நிறம் தரும் பொடி, அதைத் தாளில் ஒட்டவைக்கும் பசை. பசை இல்லாமல் வெறும் மஞ்சளைக் கரைத்துப் பூசினால், காய்ந்தபின் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். ஆகவே முதல் நாள் கோந்தைத் தயார் செய்துவிட்டு, மறுநாள் வண்ணத்துக்கு வாருங்கள்.

வேலம்பிசினை ஒரு பங்கு எடுத்துப் பொடித்து, இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி, மூடி, இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் பழைய மல் துணியில் வடிகட்டினால் தேன் நிறத்தில் கோந்து கிடைக்கும். இதில் கால் கிண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி தேன் சேர்த்தால் வண்ணம் காய்ந்து வெடிக்காது. ஒரே ஒரு சொட்டு கிராம்பெண்ணெய் விட்டால் பூஞ்சை பிடிக்கத் தாமதமாகும். அதற்கு மேல் விடாதீர்கள், அந்த எண்ணெய் தோலை எரிக்கும். பிசின் கிடைக்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவை ஆறு மேசைக்கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பளபளப்பாக வரும் வரை காய்ச்சிக்கொள்ளலாம். குளிர்பெட்டியில் வைத்தாலும் இந்தக் கஞ்சிப்பசை மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதைவிடக் கேடு, கரப்பான்பூச்சிக்கு அது விருந்து. கஞ்சிப்பசையால் ஒட்டிய எட்டுப் படங்களை மண்டபத்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வாரம் திறந்து பார்த்தபோது, ஒரு மயிலின் தோகையில் பாதியைக் காணவில்லை.

மஞ்சளும் அதன் சிவப்பும்

நம் தீவின் கிரியோல் பேச்சில் மஞ்சளுக்கே 'சஃப்ரான்' என்று பெயர். இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள் குங்குமப்பூ இத்தனை மலிவா என்று மயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பெயரில் வாங்கினாலும், முழுக்கிழங்காக வாங்கி வீட்டில் காயவைத்து இடித்துக்கொள்வது நல்லது. நிறம் தூக்கலாகத் தெரிவதற்காக மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட்டைக் கலந்த செய்தி வங்கதேசத்திலிருந்து வந்திருக்கிறது. சில குங்குமப் பொடிகளிலும் ஈயம் இருந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. பூசைக்கு வாங்கிய குங்குமத்தை வண்ணத்துக்கு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால்தான் கொதிக்கவைத்து வடிகட்டிய மஞ்சள்நீர் ஏமாற்றம் தருகிறது. கொதிக்கவைக்க வேண்டாம். ஒரு பீங்கான் தட்டில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் பொடியை வைத்து, நடுவில் குழி செய்து, ஒரு தேக்கரண்டி கோந்தை ஊற்றி, கரண்டியின் அடிப்பக்கத்தால் ஐந்து நிமிடம் வட்டமாக அழுத்தி அரையுங்கள். முதலில் மணல்போல் நறநறவென்று கேட்கும். பிறகு அந்த ஓசை மெல்ல அடங்கி, விழுது பளபளக்கத் தொடங்கும். ஓசை அடங்குவதுதான் பதம். பிறகு சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டு, பால் ஓடுவதுபோல் ஓடும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த மஞ்சளில் பாதியைத் தனியே எடுத்து, அதில் ஊசிமுனை அளவு வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கலக்குங்கள். கண்முன்னே மஞ்சள் சிவக்கும். குங்குமம் செய்யும் பழைய முறையும், ஆரத்தித் தட்டில் நீர் சிவப்பதும் இதே வினைதான். காரம் பட்டால் மஞ்சளின் நிறப்பொருள் செந்நிறமாகும், எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும் என்பதால் இந்த ஒரு வேலையைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். பிள்ளைகள் செய்ய வேண்டுமென்றால் சமையல் சோடா போதும். சிவப்பு சற்று மங்கலாக, செங்கல் பக்கமாக வரும்.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஆண்டு தைப்பூசக் காவடிக்குக் கொடியேற்றிய நாளில், மஞ்சள் பின்னணியில் வேலும் மயிலும் வரைந்த பெரிய துணிப்பதாகை ஒன்றை மண்டபத்தின் கிழக்குச் சுவரில் தொங்கவிட்டோம். பத்தாம் நாள் காவடி எடுத்தபோது அது பலமுறை துவைத்த பழைய வேட்டியைப்போல் வெளுத்திருந்தது. தேயிலைக் கருப்பில் இழுத்த கோடுகள் மட்டும் அப்படியே நின்றன. மஞ்சள் வெயில் தாங்காது. நிழலில் மாட்டும் படத்துக்கும், ஓரிரு நாள் அலங்காரத்துக்குமே அது ஏற்றது. சங்குப்பூவை ஊறவைத்து எடுக்கும் நீலமும் அப்படித்தான். எலுமிச்சை சொட்டினால் ஊதாவாகி, சோடா தூவினால் பச்சையாகிப் பிள்ளைகளை மகிழ்விக்கும் அந்த நீலத்தைப் பாடத்துக்குப் பயன்படுத்துங்கள், பாதுகாக்க வேண்டிய படத்துக்கு வேண்டாம்.

தேயிலைக் கருப்பு

நிலைத்து நிற்கும் கருங்கோட்டுக்கு இரும்பும் துவர்ப்பும் வேண்டும். துருப்பிடித்த ஆணிகள் பத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, 100 மில்லி வினிகர் ஊற்றி, ஒரு வாரம் வெளியே நிழலில் வையுங்கள். உள்ளே வாயு உண்டாவதால் மூடியை இறுக்கக் கூடாது. துணி ஒன்றைக் கட்டிவைத்தால் போதும். ஒரு வாரத்தில் நீர் செம்பழுப்பாகும், அதை வடிகட்டிக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி தேயிலைத் தூளை ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சுங்கள். இங்கே வீடுதோறும் குடிக்கிற வனிலாத் தேயிலையும் ஆகும். வரைகிற அறை மணக்கும், அவ்வளவுதான்.

ஆறிய தேநீரில் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, இரும்பு நீரைச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். முதல் சொட்டு விழுந்த இடத்தில் புகைபோல் ஒரு கருமை சுருளும். மூன்றாம் சொட்டில் கிண்ணம் முழுவதும் ஊதா கலந்த சாம்பலாகும். ஐந்தாறு சொட்டுக்குள் கருத்துவிடும். அதற்கு மேல் இரும்பைச் சேர்த்தாலும் கருமை அதிகமாகாது. நாளடைவில் தாள்தான் பழுத்து நொறுங்கும். கோந்து கால் தேக்கரண்டி சேர்த்தால் மை கோட்டுக்குள் அடங்கும்.

தேயிலைக்குப் பதிலாக, கடற்கரையில் 'பாதாமியே' என்று நாம் அழைக்கிற நாட்டு வாதுமையின் உதிர்ந்த சிவப்பு இலைகளையும் பயன்படுத்தலாம். இருபது இலைகளை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் துவர்ப்பு நீர் இறங்கும். நம் முன்னோர் ஊரில் கலங்காரித் துணிக்குக் கருங்கோடு இழுத்ததும் இந்த வழியில்தான்: துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்த நீரால் அதன்மேல் வரைவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் துணியிலேயே சந்தித்துக் கருக்கும். வெல்லத்துக்கு இந்தச் சர்க்கரைத் தீவில் பஞ்சமில்லை. பொறுமை உள்ளவர்கள் அந்த முறையையும் முயன்று பார்க்கலாம்.

மண்

வெயிலில் வெளுக்காத நிறம் வேண்டுமென்றால் மண்ணிடம்தான் போக வேண்டும். எரிமலைப் பாறை மட்கிய நம் செம்மண்ணின் சிவப்பு இரும்பின் ஆக்சைடு. அது ஏற்கெனவே துருப்பிடித்துத் தீர்ந்த பொருள் என்பதால் வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஷமாரெல் என்ற ஊரிலுள்ள ஏழுவண்ண மண் நினைவுக்கு வரும். அது பார்ப்பதற்கு மட்டுமே, அங்கிருந்து ஒரு பிடியும் எடுக்கக் கூடாது. கடற்கரை மணலையும் விட்டுவிடுங்கள்; காயலில் மணல் அள்ளுவது 2001இலேயே நிறுத்தப்பட்டது. கரும்புத் தோட்டத்து மண்ணில் களைக்கொல்லி தங்கியிருக்கலாம். உங்கள் வீட்டுக் கொல்லையிலோ, அக்கம்பக்கத்தில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டுகிற இடத்திலோ கேட்டு வாங்கினால் ஒரு வாளி மண் ஓராண்டுக்குக் காணும்.

மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்கிவிட்டு, அறுபது எண்ணும் வரை காத்திருங்கள். கல்லும் மணலும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, மீண்டும் ஒருமுறை அப்படியே செய்யுங்கள். இரண்டாவது வாளியை ஓர் இரவு அசைக்காமல் விட்டால், தெளிந்த நீருக்கு அடியில் வெண்ணெய்போல் மெத்தென்ற வண்டல் இருக்கும். நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வண்டலைத் தட்டில் பரப்பி, ஈரம் முழுதும் வற்றுவதற்கு முன்பே கோந்து சேர்த்து அரைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணைப் பொடித்தால் நுண்தூசி நுரையீரலுக்குள் போகும். ஈரமாக அரைத்தால் அந்தக் கவலையே இல்லை.

வெள்ளைக்கு முட்டை ஓடு. பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உள்சவ்வை உரித்து, காயவைத்து, தண்ணீர் தெளித்து அம்மியில் அரைக்க வேண்டும். விரதக் காலத்தில் முட்டை வேண்டாதவர்களுக்குச் சாக்கட்டித் தூள் உண்டு. ஈரமாக இருக்கும்போது இரண்டும் சாம்பல்போல் தெரியும்; காய்ந்தபின்தான் வெளுக்கும், பதற வேண்டாம்.

முதல் படம்

தூரிகை வாங்காமலே தொடங்கலாம். தாழை மரத்தின் பெயரையே தாங்கிய வக்குவா நகரம் இருக்கிற நாட்டில், அந்த ஓலையில் பின்னிய கூடையைச் சந்தையில் பார்க்காதவர் இரார். மரத்தடியில் உதிர்ந்து காய்ந்த தாழம்பழச் சுளையை எடுத்து, அதன் நாரடர்ந்த முனையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கல்லால் மெல்லத் தட்டுங்கள். நார் பிரிந்து, பட்டையாகப் பூச ஏற்ற தூரிகை கிடைக்கும். மெல்லிய கோட்டுக்கு ஒரு தென்னை ஈர்க்கின் நுனியை நசுக்கிக்கொண்டால் போதும்.

உள்ளங்கை அகலத்தில் தடித்த தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைப்பெட்டியின் உட்புறமும் நன்றாகவே இருக்கும். முதலில் செம்மண்ணைத் தண்ணீராகக் கரைத்து முழுப் பரப்பிலும் பூசி உலரவிடுங்கள். அதன்மேல் முட்டை ஓட்டு வெள்ளையால் ஐந்து புள்ளிகள் வைத்து, ஈர்க்கு நுனியால் கோலத்தின் வளைவுகளை ஒரே இழுப்பில் இழுங்கள். கோடு நடுவில் அறுந்தால் வண்ணம் கெட்டியாக இருக்கிறது. பக்கங்களில் கசிந்தால் நீர்த்திருக்கிறது. இதை வேறெந்த அளவையாலும் அறிய முடியாது, கைதான் சொல்லும். வளைவுகளுக்குள் மஞ்சளை நிரப்பி, அது காய்ந்தபின், கடைசியாகத் தேயிலைக் கருப்பால் ஓரம் கட்டுங்கள். மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே கருப்பைத் தொட்டால் இரண்டும் கலந்து சேற்றுப் பச்சையாகிவிடும். புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற பிழை இது.

உலர எவ்வளவு நேரமாகும் என்பது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. கடலோரத்திலுள்ள போர்ட் லூயியில் ஒரு பூச்சு பதினைந்து நிமிடத்தில் காயும். மேட்டுநிலத்தில், மழை விடாத குயூர்ப்பிப் பக்கத்தில், அதே பூச்சுக்கு அரைநாள் பிடிக்கும். கோந்தைக் குறைத்து, மெல்லிய பூச்சாகப் போடுவதே அங்கே வழி. ஈரம் தங்கிய படத்தை அடுக்கிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கழுவிய தண்ணீர்

வேலை முடிந்ததும் தூரிகையை நேரே குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் பழைய துணியில் துடைத்துவிட்டால் வண்ணத்தில் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடும். பிறகு ஒரு சிறு கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, அதை இரவு முழுவதும் தெளியவிடுங்கள். மஞ்சள், மண், முட்டை ஓடு கலந்த நீரைச் செடிகளின் அடியில் ஊற்றலாம். இரும்பு நீர் புளிப்பானது என்பதால், ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, தொட்டிச் செடிகளைத் தவிர்த்து, வெறும் தரையில் ஊற்றுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அக்ரிலிக் குழாய்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எறிந்தாலும் அவை இந்தத் தீவில்தான் எங்கேயோ கிடக்கப்போகின்றன. அவற்றைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். தட்டில் மிஞ்சியதைக் கழுவாமல் காயவிட்டு, தோலாக உரித்துக் குப்பையில் போடுங்கள். காலப்போக்கில் குழாய்கள் தீரும், புதிதாக வாங்காமல் இருந்தால் போதும்.

புட்டிகள் ஒவ்வொன்றின் மேலும் பொருளின் பெயரையும் செய்த தேதியையும் தமிழிலும், வீட்டில் தமிழ் படிக்காதவர் இருந்தால் கிரியோலிலும் எழுதி ஒட்டுங்கள். வண்ணத்துக்கென்று எடுத்த பாத்திரமும் கரண்டியும் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது. இரும்பு சேர்த்த தேநீரைக் குளிர்பெட்டியின் கதவில் வைக்கவே வேண்டாம். வேலை முடிந்து களைத்து வந்த என் தம்பி, குளிர்ந்த தேநீர் என்று நினைத்து ஒரு குவளையில் அதை ஊற்றிச் சர்க்கரையும் போட்டுவிட்டான். நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, "அக்கா, இது என்ன தேத்தண்ணி?" என்று கேட்டதால் பிழைத்தோம். அன்றிலிருந்து அந்தப் புட்டி, பூட்டுள்ள அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.